மவுஸ் மக்கர் செய்தால்? வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "நாலு ஷார்ட்கட் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். "எந்த நாலு?" என்று மட்டும் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டவரும் உண்டு (அவருக்குப் பதில் கடைசியில்). அதனால் இந்த முறை முழுக்க முழுக்க கீபோர்டு. நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு. மேக் வைத்திருப்பவர்கள், நான் கன்ட்ரோல் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் கமாண்ட் கீயை அழுத்திக்கொள்ளலாம், ஆனால் எல்லா இடத்திலும் அது சரிவராது.

கே: பாதி வேலையில் மவுஸ் செத்துப்போய்விட்டது. எக்செல் ஃபைலை சேவ் செய்யவில்லை. வேறு வழி தெரியாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். ஒன்றரை மணி நேர வேலை போச்சு. மவுஸ் இல்லாமல் கம்ப்யூட்டரை ஒழுங்காக நிறுத்த முடியாதா?
(அச்சகக் கணக்காளர், சிவகாசி)

ப: முடியும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிப்பது மாதிரி, அதைக் கடைசியிலும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் போனால் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸில் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் கீபோர்டில் ஒரு வழி உண்டு.

முதலில் கன்ட்ரோல் + எஸ். புது ஃபைலாக இருந்து பெயர் கேட்டால், ஏதோ ஒரு பெயரை அடித்து என்டர் தட்டுங்கள், அழகான பெயரை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்து ஆல்ட் + எஃப்4, அது கண்முன்னே இருக்கும் ஜன்னலை மூடும். இன்னும் ஏதாவது திறந்திருந்தால் ஆல்ட்டை அழுத்தியபடியே டேப் கீயைத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறும், அதையும் இதே போலச் சேமித்து மூடுங்கள். எல்லாம் மூடி டெஸ்க்டாப் மட்டும் தெரியும்போது மறுபடி ஆல்ட் + எஃப்4 அழுத்தினால், "ஷட் டவுன்" என்று கேட்டு ஒரு சிறு பெட்டி வரும். என்டர். அவ்வளவுதான். இன்னொரு வழி: விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு யு, மறுபடி யு.

பெட்டிகளுக்குள் நடமாடுவதற்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். டேப் தட்டினால் அடுத்த பட்டனுக்குப் போகும், ஷிஃப்ட் + டேப் தட்டினால் பின்னால் வரும். டிக் போடும் கட்டம் என்றால் ஸ்பேஸ் பார், பட்டன் என்றால் என்டர். வேண்டாம் என்று வெளியே வர எஸ்கேப். வலது க்ளிக்குக்குப் பதிலாக ஷிஃப்ட் + எஃப்10. பழைய கீபோர்டுகளில் இதற்கென்றே வலப்பக்கக் கன்ட்ரோலை ஒட்டி, கோடுகள் போட்ட மெனு கீ ஒன்று இருக்கும். 2024-க்குப் பிறகு வரும் பல லேப்டாப்களில் அந்த இடத்தை, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் கீ பிடித்துக்கொண்டது. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம், எண்கள் தனியாக வலப்பக்கம் இருக்கும் பெரிய கீபோர்டு உங்களிடம் இருந்தால், அதையே மவுஸாக்கலாம். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மவுஸ் கீஸ் வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொன்னபின் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம் என்று அம்பு நகரும், 5 தான் க்ளிக். ஆமை வேகம்தான். ஆனால் மாட்டிக்கொண்ட நேரத்தில் ஆமையும் வாகனமே.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு சந்தேகம்: வயர் இல்லாத மவுஸ் என்றால், பாட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா?

கே: வயது 71, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கை கொஞ்சம் நடுங்கும். இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தச் சொல்கிறீர்கள், ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்று நழுவுகிறது. ஒரு கீயைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. நடுநடுவே பீப் என்று சத்தம் போட்டு ஏதோ பெட்டி வேறு வருகிறது, பயந்து மூடிவிடுகிறேன்.
(மயிலாடுதுறை)

ப: ஐயா, நீங்கள் பயந்து மூடிய அந்தப் பெட்டிதான் உங்களுக்கு வேண்டிய மருந்து.

ஷிஃப்ட் கீயை அடுத்தடுத்து 5 முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். அதை ஆன் செய்துவிட்டால் எதையும் சேர்த்து அழுத்தவே வேண்டாம். கன்ட்ரோலை ஒரு தட்டுத் தட்டி விரலை எடுத்துவிடலாம். நிதானமாகச் சியைத் தேடி, அதை ஒரு தட்டு. காப்பி ஆகிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் கீ நாலுக்கும் இப்படியே. ஒரு விரலாலேயே மூன்று கீ ஷார்ட்கட்டையும் போடலாம். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு கீ ஒரே நேரத்தில் அழுந்தினால் வசதி தானாக அணைந்துவிடுவது போல ஓர் ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. நடுங்கும் கைக்கு அது இடைஞ்சல். அமைப்பில் போய் அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஒரு எழுத்துக்கு மூன்று விழுவதற்கு ஃபில்டர் கீஸ். வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி பிடித்திருந்தால் அந்தப் பெட்டி வரும். தெரியாமல் பட்டதையும், திரும்பத் திரும்பப் பட்டதையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். எவ்வளவு நேரம் அழுத்தினால் கணக்கு என்பதை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது போலத் தோன்றும், உங்கள் கைக்கு ஏற்றபடி நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இவை எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும்: விண்டோஸ் கீ + யு. ஒரு பிற்பகல் பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்துச் செய்துவிடுங்கள். ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரில் வேண்டாம். கேம் ஆடும் பிள்ளைகள் ஷிஃப்டைப் படபடவெனத் தட்டுவார்கள், நடுவில் இந்தப் பெட்டி குதித்து ஆட்டத்தைக் கெடுத்தால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

கே: வி என்றால் பேஸ்ட் என்று யார் வைத்தது? பி தானே வைத்திருக்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: பியைப் பிரின்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் உண்மையான காரணம் எழுத்தைவிட இடம்தான். கீபோர்டின் கீழ்வரிசையைப் பாருங்கள்: இஸட், எக்ஸ், சி, வி. செய்ததை ரத்து செய்ய, வெட்ட, நகலெடுக்க, ஒட்ட என்று நாலும் வரிசையாக, இடது கையின் அடியிலேயே இருக்கின்றன. வலது கை மவுஸில் இருக்கும்போதே இடது கை இதைச் செய்துவிடும்.

வெட்டி ஒட்டும் இந்த முறையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில் லாரி டெஸ்லருக்குப் பெரும் பங்கு உண்டு. 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், டிம் மாட் என்பவரோடு சேர்ந்து ஜிப்சி என்ற எழுத்துத் தொகுப்பானைச் செய்தார். 1980-இல் ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கம்ப்யூட்டரிலும் அடுத்த ஆண்டு வந்த மெக்கின்டோஷிலும் இந்த நாலு எழுத்துகள் நிலைத்துவிட்டன, பிற்பாடு விண்டோஸும் அதையே எடுத்துக்கொண்டது. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். எக்ஸ் கத்தரிக்கோல் மாதிரி இருக்கிறது, வி நாம் விடுபட்ட சொல்லைச் செருக வரிக்கடியில் போடும் கூரைக் குறியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று விளக்கம் சொல்வதுண்டு. நினைவில் நிற்க உதவினால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உபரித் தகவல். விண்டோஸ் இந்த நாலு எழுத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்பு, அதில் ஐபிஎம் வழியில் வேறொரு ஏற்பாடு இருந்தது: கன்ட்ரோல் + இன்சர்ட் நகலெடுக்க, ஷிஃப்ட் + இன்சர்ட் ஒட்ட, ஷிஃப்ட் + டெலிட் வெட்ட. இன்றைக்கும் நோட்பேடில் வேலை செய்கிறது, முயன்று பாருங்கள். உங்கள் கீபோர்டில் சி உடைந்துபோனால் உதவும்.

கே: கணக்கு மென்பொருளான டேலியில் நான் மவுஸைத் தொட்டதே இல்லை, கை பறக்கும். ஆனால் எக்செல் திறந்தால் மவுஸை உருட்டி உருட்டி மணிக்கட்டு வலிக்கிறது. ஏன் இப்படி?
(பனியன் கம்பெனிக் கணக்காளர், திருப்பூர்)

ப: உங்களுக்கு ஷார்ட்கட் தெரியாது என்று யார் சொன்னது! எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், புது லெட்ஜருக்கு ஆல்ட் + சி, முடிக்க கன்ட்ரோல் + ஏ. இதையெல்லாம் நீங்கள் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு நூறு வவுச்சர் போட்டதில் விரலுக்குப் பழகிவிட்டது. டேலி ஆரம்பத்திலிருந்தே கீபோர்டை நம்பிச் செய்யப்பட்டது, திரையிலேயே கீயின் பெயரை எழுதிவைத்திருக்கும். எக்செல் அப்படி எழுதிக் காட்டுவதில்லை, நாமாகக் கேட்டால்தான் சொல்லும். எப்படிக் கேட்பது? ஆல்ட்டை ஒரு முறை தட்டிவிட்டு மேலே பாருங்கள், ஒவ்வொரு மெனுவுக்கும் ஓர் எழுத்து முளைக்கும். ஹெச் அழுத்தினால் ஹோம் திறந்து அதற்குள் இருப்பவற்றுக்கும் எழுத்துகள் வரும். ஆல்ட், ஹெச், ஓ, ஐ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால், மேலிருந்து கீழாகப் போகும் நிரலின் அகலம் உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி விரியும். சேர்த்து அழுத்த வேண்டியதில்லை, டைப்ரைட்டரில் அடிப்பது போல வரிசையாகத் தட்டினால் போதும்.

உங்கள் மணிக்கட்டு வலி பெரும்பாலும் உருட்டுவதால் வருவது. நாலாயிரம் வரி உள்ள ஷீட்டில் கடைசி வரிக்குப் போக ஏன் உருட்ட வேண்டும்? கன்ட்ரோல் + கீழ் அம்பு, ஒரே தாவலில் போய்விடும். (காலி நிரலில் நின்று அழுத்திவிடாதீர்கள், 10,48,576-ஆவது வரியில் போய் நிற்பீர்கள். எக்செல்லின் அடித்தளம் அதுதான். திரும்பி வர கன்ட்ரோல் + ஹோம்.) அதே தாவலில் ஷிஃப்டையும் சேர்த்துக்கொண்டால் போகிற வழியெல்லாம் தேர்வாகிவிடும். அந்த நிரலின் கூட்டுத்தொகைக்கு, கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள காலிக் கட்டத்தில் நின்று ஆல்ட் + சமக்குறி. இன்றைய தேதிக்கு கன்ட்ரோல் + அரைப்புள்ளி. மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழே இறக்க, இறக்க வேண்டிய கட்டங்களை மேலிருந்து தேர்ந்துகொண்டு கன்ட்ரோல் + டி.

இங்கே ஒரு சங்கடம், தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் நாலாவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் ஒரே டி ஆகிவிடுகின்றன. நான் சொன்னது நாலாவது, "டவுன்" என்பதில் வரும் டி.

எக்செல்லில் அம்புக்குறி அழுத்தினால் கட்டம் நகராமல் ஷீட்டே நகர்கிறது என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஸ்க்ரோல் லாக் அழுந்தியிருக்கிறது. மறுபடி அழுத்துங்கள்.

கே: தம்பிக்குக் கண் பார்வை இல்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு உதவலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தால், நான் மவுஸைப் பிடித்ததும் அவனுக்குக் கோபம் வருகிறது. நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
(மதுரை)

ப: அவர் கோபம் நியாயமானது. நீங்கள் மவுஸால் எங்கோ க்ளிக் செய்தவுடன், அவர் தன் காதில் கட்டிவைத்திருந்த இடம் கலைந்துபோகிறது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைப் பிடுங்கி வேறு பக்கத்தைத் திறந்து கையில் கொடுப்பதற்குச் சமம். நமக்கு ஷார்ட்கட் என்பது குறுக்குவழி, அவருக்கு அதுதான் ராஜபாட்டை.

என்விடிஏ 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். திரைவாசிப்பு மென்பொருளைப் பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில் இலவசமாகத் தர வேண்டும் என்று செய்தார்கள், இன்றும் இலவசம்தான். தமிழையும் வாசிக்கும். விண்டோஸ் தரும் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர்.

நீங்கள் கற்க வேண்டியது இது. வெப்சைட் ஒன்றைத் திறந்ததும் அவர் மேலிருந்து கீழே வரிவரியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஹெச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், கே தட்டினால் அடுத்த இணைப்பு, "பட்டன்" என்பதில் வரும் பி தட்டினால் அடுத்த பட்டன், இ தட்டினால் எழுதும் கட்டம், "டேபிள்" என்பதில் வரும் டி தட்டினால் அட்டவணை. ஷிஃப்ட் சேர்த்தால் எல்லாமே பின்னோக்கி. இன்சர்ட் + எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகளோ தலைப்புகளோ பட்டியலாக வரும். பேச்சை நிறுத்த கன்ட்ரோல். எந்தக் கீ என்ன செய்யும் என்று தெரியாவிட்டால் இன்சர்ட் + 1 அழுத்திவிட்டு அந்தக் கீயைத் தட்டினால் அதுவே சொல்லும், மறுபடி இன்சர்ட் + 1 அழுத்தி வெளியே வரலாம். இந்தக் கடைசி ஒன்றை நீங்களும் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தீர்களானால் மொத்தமும் பிடிபட்டுவிடும். மானிட்டரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், அப்போதுதான் புரியும்.

அதைவிட முக்கியம், உங்கள் பேச்சை மாற்றிக்கொள்வது. "வலப்பக்கம் நீலமா ஒரு பட்டன் இருக்கு பார்" என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கு வலப்பக்கமும் நீலமும் அங்கே கிடையாது, பட்டனின் பெயரும் அது எந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்பதும்தான் உண்டு. "விண்ணப்பம் என்ற தலைப்புக்குக் கீழே, சப்மிட் என்று ஒரு பட்டன்" என்று சொல்லுங்கள். உண்மையில் உங்கள் கண் தேவைப்படும் இடங்கள் வேறு: படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடி என்று கேட்கும் கேப்சா, காகிதத்தை அப்படியே ஸ்கேன் செய்து பிடிஎஃப் என்று போட்டுவைத்திருக்கும் தேர்வு அறிவிப்புகள். அந்த மாதிரி பிடிஎஃப் அவருக்கு வெற்றுத்தாள். ஆங்கில அறிவிப்பு என்றால் இன்சர்ட் + ஆர் அழுத்தினால் என்விடிஏ படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க முயலும், ஓரளவு கிடைக்கும். அது கைகொடுக்காத இடத்தில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

கே: கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டது. நேற்று திரை தலைகீழாகப் போனது. இன்று திறந்து வைத்திருந்த எல்லாமே காணாமல் போய்விட்டது. வைரஸா?
(இல்லத்தரசி, வேலூர்)

ப: வீட்டில் பூனையோ மூன்று வயதுக் குழந்தையோ இருக்கிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வைரஸ் போலத் தெரியவில்லை, யாரோ தெரியாமல் ஷார்ட்கட் போட்டிருக்கிறார்கள்.

தலைகீழானதற்கு கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு. பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ளவற்றில் இது வேலை செய்யும், இல்லாவிட்டால் டிஸ்பிளே அமைப்பில் போய் லேண்ட்ஸ்கேப் என்று மாற்றுங்கள் (மவுஸும் தலைகீழாகத்தான் நகரும், பொறுமை). எல்லாம் காணாமல் போனதற்குக் காரணம், விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + டி (நாலாவது எழுத்தான டி) அழுந்திப் புதிதாக இன்னொரு டெஸ்க்டாப் உருவாகியிருக்கும். பழையது பக்கத்து அறையில் பத்திரமாக இருக்கிறது, விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + இட அம்பு அழுத்தினால் அங்கே போய்விடலாம். பிரவுசரில் மேல்பட்டை எல்லாம் மறைந்து முழுத்திரையானால் எஃப்11. எழுத்து திடீரென்று எறும்பு போலச் சிறுத்தால் கன்ட்ரோல் + பூஜ்யம். திரை மொத்தமும் கறுப்பாகிவிட்டால் விண்டோஸ் கீ + "பிரின்ட்" என்பதில் வரும் பி அழுத்திப் பாருங்கள், ப்ரொஜெக்டருக்கு அனுப்பும் அமைப்பு மாறிப்போயிருக்கலாம்.

மந்திரிக்க வேண்டியதில்லை.

கே: தமிழ்99 கற்கச் சொல்கிறார்கள். அம்மா என்று அடிக்க ஆங்கிலத்தில் ஏஏ போட்டே பழகிவிட்டது. மாறுவது அவசியமா?
(டிடிபி ஆபரேட்டர், கும்பகோணம்)

ப: வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுகிறவருக்கு அவசியமில்லை. நாள் முழுக்கத் தமிழில் அடித்துச் சம்பாதிக்கும் உங்களுக்கு அவசியம்.

தமிழ்99 விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறித் தாளம் போடும். அதன் உண்மையான அழகு புள்ளி வைப்பதில் இருக்கிறது. அம்மாவுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுத்தான், இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதல் மவுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். தங்கம் என்பதற்கு த, ங, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஐந்தே தட்டு. இப்போது ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக மமதை, நடுவில் அ ஒன்றைத் தட்டினால் போதும்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்தபோது, மாஸ்டர் கையின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார், கீயைப் பார்க்கவே முடியாது. பத்து நாள் அழுகை, பதினொன்றாம் நாள் விரல் தானே போனது. தமிழ்99-க்கும் அதே பத்து நாள்தான். அவசர வேலை இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

மொழி மாற விண்டோஸ் கீ + ஸ்பேஸ். தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் கன்ட்ரோல் + சி, வி எல்லாம் அதே இடத்தில் வேலை செய்யும், ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு வர வேண்டாம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: தமிழில் பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு ஒரு குறியைத்தான் அழிக்கும். "கி" என்பதில் முதல் தட்டுக்கு இகரக் குறி போய் "க" மிச்சமிருக்கும். கர்சரை எழுத்துக்கு முன்னால் வைத்து டெலிட் அழுத்தினால் எழுத்து முழுதாகப் போகும். முழுச் சொல்லையும் அழிக்க கன்ட்ரோல் + பேக்ஸ்பேஸ். பிழைதிருத்தும்போது இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வேகம் தெரியும்.

கே: விண்டோஸ் கீ + வி பற்றிச் சொல்லுங்கள். ஆபத்தானது என்கிறாரே நண்பர்?
(ஈ-சேவை மையம் நடத்துபவர், தருமபுரி)

ப: நண்பர் பாதி சரி. கன்ட்ரோல் + வி கடைசியாக நகலெடுத்த ஒன்றைத்தான் ஒட்டும். விண்டோஸ் கீ + வி, ஒருமுறை ஆன் செய்துவிட்டால், கடைசி 25 நகல்களைப் பட்டியலாக வைத்திருக்கும், வேண்டியதை எடுத்து ஒட்டலாம். ஒரே முகவரியை நாலு படிவத்தில் நிரப்பும் உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த 25-இல் முந்தைய வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும், யாரோ காப்பி செய்த பாஸ்வேர்டும் உட்கார்ந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் பட்டியல் தானாகக் காலியாகும், ஊசிக் குறியைத் தட்டி (பின் செய்து) நிறுத்தி வைத்தவை அப்போதும் போகாது. ஆகவே ஒவ்வொருவர் வேலை முடிந்ததும் அதே பட்டியலில் உள்ள "க்ளியர் ஆல்" கொடுத்துவிடுங்கள். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்தி மறைமுக (இன்காக்னிட்டோ) ஜன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் கீ + எல், திரை பூட்டிக்கொள்ளும்.

கே: ஷார்ட்கட் வேகம் என்பது வெறும் பிரமை, மவுஸ்தான் வேகம் என்று என் கணவர் வாதாடுகிறார். யார் சொல்வது சரி?
(கோவை)

ப: உங்கள் கணவருக்குப் பெரிய ஆள் துணை உண்டு. ஆப்பிளில் இடைமுக வடிவமைப்பாளராக இருந்த புரூஸ் டொக்னசினி இதையேதான் சொன்னார்: கீபோர்டு பயன்படுத்துகிறவர்கள் தாங்கள் வேகமாக வேலை செய்வதாக நினைக்கிறார்கள், கடிகாரம் மவுஸ்தான் வேகம் என்கிறது, எந்தக் கீ என்று யோசிக்கும் நேரம் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை என்று. யோசித்துத் தேட வேண்டிய கீ என்றால் அவர் சொல்வது சரிதான் என்பது என் அனுபவம். மாதம் இரண்டு தடவை செய்யும் வேலைக்கு ஷார்ட்கட்டை நினைவுபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மெனுவைத் திறந்து க்ளிக் செய்துவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்வதற்கு யோசனையே கிடையாது, விரலுக்குத் தெரியும், அங்கே கீபோர்டை மவுஸ் பிடிக்க முடியாது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் "150 ஷார்ட்கட்கள்" பட்டியலைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாரத்துக்கு ஒன்று, அதுவும் அந்த வாரம் உங்களைச் சலிக்கவைத்த வேலைக்கு உரியதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கணவரிடம் இதைப் பாதி வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கே: எந்த நாலு?
(அஞ்சலட்டை, ஊர்ப்பெயர் முத்திரையில் அழிந்துவிட்டது)

ப: கன்ட்ரோல் + இஸட். ஒருமுறை நாலு பக்கக் கட்டுரையை முழுதாகத் தேர்ந்துகொண்டு தெரியாமல் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டேன், நாலு பக்கமும் போய் அந்த ஒரே எழுத்து மட்டும் திரையில் நின்றது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது இதுதான். பதற்றத்தில் சேவ் செய்து மூடியிருந்தால் தீர்ந்தது கதை.

ஆல்ட் + டேப். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு.

கன்ட்ரோல் + எஃப். தேடுவதற்கு. முப்பது பக்க அரசாணையில் உங்கள் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று கண்ணால் தேடும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன்.

நாலாவது, தவறுதலாக மூடிய பிரவுசர் டேபை மறுபடி திறக்கும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. இருபதாவது எழுத்தான டி. உங்கள் ஊர் எது என்று அடுத்த அட்டையில் எழுதுங்கள், பேனாவால், கொஞ்சம் அழுத்தி.